குழு வருகிறது, வெள்ளையடியுங்கள்

எங்கள் நகரத்துப் போலீஸ் தலைமையகத்தைப் பழுது பார்ப்பதா, வேறு இடத்துக்கு மாற்றுவதா என்று பெரியவர்கள் யோசிக்கத் தொடங்கியபோது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. முடி போய்விட்டது. யோசனை மட்டும் கொட்டாமல் அப்படியே இருக்கிறது.

எந்த நகரம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் என் மனைவிக்கு மெமோ வரும். அவளுக்கு மெமோ வந்தால் எனக்குச் சோறு வராது. மலேசியாவில், பேராக்கில் இருக்கிறது, சன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று தெரியும், மத்தியானத்துக்கு மேல் மழை பெய்யும். இதற்குமேல் கேட்காதீர்கள். அந்த மழைதான் என் பிரச்சினையே.

மனைவி அந்தத் தலைமையகத்தில் போலீஸ் சார்ஜன். பெண்களும் பிள்ளைகளும் கொண்டுவரும் புகார்களை விசாரித்து வாக்குமூலம் எடுப்பது அவள் வேலை. கட்டடத்தின் முன்பக்கம் வெள்ளைக்காரன் கட்டியது. தூணும் வளைவுமாக இன்னும் திடகாத்திரமாக நிற்கிறது. அதன் முதுகில் பிற்காலத்தில் ஒட்டவைத்த மூன்று மாடிதான் சீக்காளி. அந்தச் சீக்காளியின் உச்சி மாடியில், ஒழுகும் கூரைக்குக் கீழே அவள் அறை. அறையின் மேல்தளத்தில் காரை ஊறி, உப்பி, பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே அவள் மேசை. மேசையை நகர்த்த இடமில்லை; மற்ற மூலைகளில் ஏற்கெனவே வாளிகள் உட்கார்ந்திருந்தன.

குழாய் உடைந்தால், "எப்படியும் மாறத்தான போறோம், இதுக்குப் போயி எதுக்கு செலவு?" என்பார்கள். எப்போது மாறுகிறோம் என்று கேட்டால், "இதையே நல்லா செஞ்சிட்டா மாற வேண்டியதே இல்லியே" என்பார்கள். இரண்டு பதிலும் ஒரே வாயிலிருந்து, சில சமயம் ஒரே வாரத்தில் வரும். மாறப்போவதால் செய்யவில்லை, செய்யப்போவதால் மாறவில்லை. இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று எனக்குத் தெரிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மேசையில் ஒரு மழைக்காலம் உட்காரவைப்பேன்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மத்தியானம் ஏற்றும்வரை எனக்குப் பயப்படுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. வானம் கறுத்தால் உடனே கைப்பேசியை எடுத்து, "மேலே பார்" என்று அவளுக்கு அனுப்புவேன். "பார்த்தேன், இன்னும் இருக்கு" என்று பதில் வரும். பதில் வரத் தாமதமானால் அதையே மறுபடி அனுப்புவேன். ஒருநாள் கேஸ் விசாரணையில் இருந்தவள் பதிலே போடவில்லை. நான் செமோரிலிருந்து வேனை விரட்டிக்கொண்டு போய், மூன்று மாடி ஏறி, நாக்குத் தள்ள வாசலில் நின்றேன். உள்ளே ஒரு சிறுமி அழுதுகொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "அங்கிள் செத்துருவாரா?" என்று மனைவியிடம் கேட்டாளாம். அந்த நிலையில் இருந்தேன்.

இன்னொரு நாள் என் மோட்டார் ஹெல்மெட்டைச் சாப்பாட்டுக் கூடையோடு சேர்த்து வைத்தேன். ஆபீஸில் போட்டுக்கொள்ளட்டும் என்று. சாயங்காலம் அதில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் நிரப்பிக்கொண்டு வந்து, "பசாருக்கு இது நல்லா இருக்குங்க" என்றாள்.

இப்படி இருக்கையில்தான் சேதி வந்தது: கோலாலம்பூரிலிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்க்கப்போகிறது. கட்டடம் உண்மையிலேயே மோசம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டால் உடனே முடிவு. மாற்றுவதானால் இடமும் பார்த்தாகிவிட்டது. ஊருக்கு வெளியே, முன்பு ரப்பர் எஸ்டேட்டாக இருந்த நிலம். நான் பிறந்த எஸ்டேட்.

ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் மனைவியின் தம்பிக்கு இது போதாதா? அன்றைக்கே வந்துவிட்டான்.

"என்னா மச்சான், ஒங்க லயத்துலயே லோக்காப் கட்டப் போறாங்களாம். இனிமே ஒங்கள உள்ள போட்டா பொறந்த வீட்டுக்குப் போன மாரிதான்லா."

"ஒங்கக்காளக் கட்டுன அன்னைக்கே உள்ள போயாச்சு. புதுசா என்ன இருக்கு?"

"இல்ல மச்சான், உண்மையா கேக்கறேன். பொறந்த மண்ணுலா. மனசு ஒரு மாரி இல்ல?"

"இருக்கு. அட்டை கடிச்ச எடமெல்லாம் அரிக்குது."

எஸ்டேட்டை நினைத்து உருகுகிற வழக்கம் எனக்கு இல்லை. எங்கள் வரிசை வீடுகளான அந்த லயங்களையும் இப்படித்தான் வைத்திருந்தார்கள்: செய்து கொடுக்கிறோம், இல்லை வேறு வீடு கட்டிக் கொடுக்கிறோம் என்று மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் கூரையே பொறுமை இழந்து இறங்கியது. அந்த இடத்தில் போலீஸ் வந்தாலும் சரி, பேய் வந்தாலும் சரி. என் மனைவியின் தலைக்குமேல் ஒழுகாத கூரை வரட்டும்.

அவளுக்கு மாறுவதில் இஷ்டமில்லை. "அங்க பஸ்ஸு போவாதுங்க. புருசன் அடிச்சிட்டான்னு புள்ளயத் தூக்கிட்டு ஓடி வர்ற பொண்ணு எதுல வருவா? ஒங்க வேன்லயா? இங்கயே செஞ்சு குடுக்கட்டும்."

"சரி, செய்யட்டும். இல்ல மாத்தட்டும். ஏதாச்சும் ஒரு எழவப் பண்ணட்டும்."

"அத நானும்தான் சொல்றேன். எதுக்கு என்கிட்ட கத்துறீங்க?"

அவளிடம் கத்தாமல் யாரிடம் கத்துவது? குழு இன்னும் வரவில்லையே.

குழு வருவதற்கு முந்திய சனிக்கிழமை எல்லா ஊழியர்களும் குடும்பத்தோடு கோத்தோங் ரோயோங்குக்கு வரவேண்டும் என்றார்கள். கூடிச் சுத்தம் செய்கிற இந்த வேலை எங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். பெரிய ஆள் வருகிறார் என்றால் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். நானும் சும்மா புல் வெட்டச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன்.

போய்ப் பார்த்தால் மைக்செட் மட்டும் இல்லாத கல்யாண வீடு போல இருந்தது. படிக்கட்டின் உடைந்த ஓரங்களில் சிமெண்டு பூசி மஞ்சள் வர்ணம் அடித்திருந்தார்கள். சுவரில் விரிசல் இருந்த இடத்தில் "நல்வரவு" என்று பெரிய பதாகை. பூஞ்சை பிடித்த மூலைக்கு முன்னால் பூந்தொட்டி. வாளிகளை எல்லாம் கழுவித் துடைத்துக் கழிவறையில் ஒளித்தாகிவிட்டது. எல்லாரும் சந்தோஷமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். கேன்டீன் அக்கா பெரிய சட்டியில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. நான் மேலே ஓடினேன்.

மனைவியின் அறையில் ஒரு கோப்பரல், மலாய்க்கார இளைஞர், மேசைமேல் ஏறி நின்று அந்தப் பழுப்புத் தொந்தியின் மேல் வெள்ளை வர்ணம் உருட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆடக்கூடாதாம்.

"நிறுத்து தம்பி, நிறுத்து! அதத்தான பாக்க வராங்க!"

அவர் கீழே குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் ஒரு கோட் இருக்கு, அபாங். பிறகு ஒண்ணுமே தெரியாது" என்றார் மலாயில், என்னை அண்ணன் முறை வைத்து, பெருமையாக.

நான் மனைவி பக்கம் திரும்பினேன். "ஒனக்குப் பைத்தியமா? டாக்டரு வராருன்னு புண்ணுக்குப் பவுடர் பூசுவியா?"

"கத்தாதீங்க. ஆளுங்க இருக்காங்க."

"இந்தக் கறைய வச்சுத்தான ஒனக்கு ரூம் கெடைக்கணும்!"

"வர்றவங்க முன்னாடி நாத்தம் புடிச்ச ஆபீஸுன்னு நிக்கச் சொல்றீங்களா? எங்க பெரியாபீசர் துவானுக்குத் தலகுனிவு இல்ல? எங்கப்பா மாப்ள வீடு பாக்க வந்தப்போ ஒங்கம்மா கிழிஞ்ச பாயத்தான் விரிச்சாங்களா?"

"அது பொய்யி சொல்லிக் கல்யாணம் பண்றதுக்குலா!"

"ஓ, அப்படியா? சேதி இப்பத்தான் வெளிய வருது."

மேசை ஆடியது. கோப்பரல் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் கையிலிருந்த உருளையைப் பிடுங்கப் பார்த்தேன். கிடைத்தது என் சட்டை முழுக்க வர்ணம். அங்கே எல்லாருக்கும் அது நல்ல வேடிக்கை. எனக்கு மட்டும் இல்லை. அவ்வளவு நாள் நச்சரித்து, மனுப் போட்டு, கெஞ்சி வரவழைத்த குழுவுக்கு முன்னால் இவர்களே சாட்சியை அழிக்கிறார்கள். அதுவும் போலீஸ்காரர்கள்! வேறு யாராவது சாட்சியை அழித்தால் பிடித்து உள்ளே போடுவது இவர்கள் வேலை.

குழு வந்த அன்று என்னை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வேனை எதிர்வரிசையில் நிறுத்திவிட்டு மழைக்கு வேண்டிக்கொண்டேன். பிள்ளையாரிடம், முருகனிடம், அந்தப் பக்கம் போன ஒரு சீனக் கோயில் ஊர்வலத்திடம்கூட. வருஷம் முழுக்க எந்த மழையைக் கண்டு நடுங்கினேனோ அதே மழையைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். ஒரு சொட்டு விழவில்லை. வானம்கூட வெள்ளையடித்துக்கொண்டு நின்றது.

குழு வந்தது, பார்த்தது, சாப்பிட்டது. ஆட்டுக் கறியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்களாம். போகும்போது ஒருவர் எங்கள் துவானின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இந்த வயசான கட்டடத்தை இவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்களே! இதற்கு என்ன அவசரம்?" என்றாராம். பழுது பார்ப்பதா மாற்றுவதா என்று மேற்கொண்டு ஆய்வு செய்யப்படும். அடுத்த மாதம் மறுபடி வருவோம் என்றார்களாம்.

மனைவி இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். கட்டிய நாளிலிருந்து நான் சும்மா இருந்த ஒரே இரவு அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வாரமே மழை வந்தது. பிள்ளையார் தாமதமாகக் கோப்பைத் திறந்திருக்கிறார்.

பள்ளி வாசலில் பிள்ளைகளை ஏற்றக் காத்திருந்தேன். கேன்டீன் அக்கா போன் செய்தார். "தம்பி, பயப்படாத. ஒம் பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்ல." அந்த வாக்கியத்தைக் கேட்டுப் பயப்படாத ஆம்பிளை உலகத்தில் உண்டா? பிள்ளைகளை இன்னொரு வேன்காரரிடம் ஒப்படைத்தேனா, கெஞ்சினேனா, தெரியாது. போய்ச் சேர்ந்தபோது ஒரு காலில்தான் ஜப்பான் சிலிப்பர் இருந்தது.

அறை வாசலில் மனைவி நின்றாள். முடி, புருவம், தொப்பி எல்லாம் வெள்ளை. ஒரு கணம் அவள் கிழவியாகிவிட்டாள் என்று நினைத்தேன். மேசைக்கு முன்னால் புகார்காரர் உட்காரும் நாற்காலியின் மேல் காரைப் பாளம் இறங்கி, முதுகுப் பலகையைப் பிளந்திருந்தது. புது வர்ணம் பளபளவென்று மேலே இருந்தது. அந்த நாற்காலியில் இருந்த பெண், மடியில் அழுத குழந்தையோடு பால் கலக்க அப்போதுதான் எழுந்து போயிருக்கிறாள். வராந்தாவில் குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அடி பொறுக்காமல் பாதுகாப்புத் தேடி வந்தவள்.

எனக்குள் எதுவோ அறுந்தது. துவான் படியேறி வந்தார். நல்ல மனிதர், ஓய்வுபெறப் போகிறவர். நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். தமிழில் தொடங்கி, மலாய்க்குப் போய், எஸ்டேட் லயத்து வசவுக்குத் திரும்பி வந்து கத்தினேன். குரல் நடுவில் கீச்சென்று போய்விட்டது. கத்துகிறேனா அழுகிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. ஒற்றைச் செருப்போடு ஒருவன் போலீஸ் அதிகாரியை மிரட்டும் காட்சியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கயிறு கட்டி அந்தப் பக்கத்தை மறைக்கச் சொல்கிறேன். மீதியைக் குழு வரும்போது..." என்று இழுத்தார்.

மனைவி அவரை முடிக்கவிடவில்லை. என்னைப் பார்த்து, "கத்துனது போதும். அந்தப் பக்கம் புடிங்க" என்றாள்.

"எத?"

"மேசய."

நானும் கோப்பரலும் மேசையைத் தூக்கினோம். அவள் கணினியைத் தூக்கினாள். குழந்தையோடு அந்தப் பெண் பின்னால் வந்தாள். முன்கட்டடத்தில் கீழ்த்தளத்தில், பெரிய ஆட்களுக்கென்று பூட்டியே வைத்திருக்கும் கூட்ட அறைக்குப் போனோம். கம்பளம், ஏர்கோன், தோல் நாற்காலிகள். கூரை கல் மாதிரி. சாவியை யாரிடம் எப்படி வாங்கினாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

துவான் வாசலில் வந்து நின்றார். "சார்ஜன், அடுத்த மாதம் குழு வருகிறது. அவர்கள் எங்கே உட்காருவார்கள்?"

"மேல உக்காரட்டும், துவான்," என்றாள் மலாயில், தொப்பியிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே. "என்னோட ரூம் காலியாத்தான் இருக்கு."

அவர் அப்படியே திரும்பிப் போனார். அவளை வெளியேற்றுவதா, அங்கேயே விடுவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. யோசிக்கட்டும். இந்த ஊரில் ஒரு யோசனை எவ்வளவு காலம் ஓடும் என்று எனக்குத் தெரியும். முதல் தடவையாக அது எங்கள் பக்கம் ஓடுகிறது.

ஆனால் சந்தோஷப்பட எனக்கு வரவில்லை. உச்சி மாடியில் அவள் அறைக்குப் பக்கத்து அறையில் இன்னும் நாலைந்து பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் மேல்தளத்திலும் அதே வர்ணம்தான்.

அன்று மனைவி அந்தப் பெண்ணைத் தோல் நாற்காலியில் உட்காரவைத்து, குழந்தையைக் கம்பளத்தில் படுக்கவைத்தாள். நான் அங்கேயே நின்றுகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளிய போங்க. வாக்குமூலம் எடுக்கணும்."

"கூரை..."

"கூரைய நான் பாத்துக்கறேன். நீங்க போயி செருப்பத் தேடுங்க."

கதவைச் சாத்தினாள்.