ஓனரம்மாவுக்குப் படித்துக் காட்டிய கதை

அன்றைக்கு வந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓனரம்மா. தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த வீட்டு நாற்காலியில் உட்கார மாட்டார்.

அடுத்து எதிர் வீட்டு ஆட்டோக்காரர். கேசரிக்காக வந்தவர். கதைக்கு வரவில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார்.

பிறகு மாடி ரூம் பொண்ணு. கண்ணாடி போட்டிருக்கும். மதுரைப் பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. குடிவந்து இருபது நாள்தான்.

என் வீட்டம்மா, கேசரிச் சட்டியோடு.

கடைசியில் நான், பத்திரிகையோடு.

ஆக ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஓனரம்மாவின் காம்பவுண்டு, எங்கள் வாசல்.

நான் இஸ்திரி போடுகிறவன். கரிப்பெட்டிதான். காம்பவுண்டு சுவரை ஒட்டி வண்டி நிற்கிறது. அஞ்சாவது வரை தமிழ் ஸ்கூல், அதற்கு மேல் ஏறவில்லை. கதை எழுதுவேன். கரி பிடிக்கிற வரைக்கும் சும்மா நிற்கணும். அந்த நேரத்தில் எழுதுவது.

மெட்ராஸிலிருந்து வரும் ஒரு சின்ன மாத இதழ். வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போடுவார்கள். பணம் கிடையாது, தபாலில் ஒரு பிரதி வரும். வந்தால் எங்கள் வீட்டில் கேசரி. அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு நான் படித்துக் காட்டுவேன்.

படித்துத்தான் காட்டணும். எங்கள் தெருவில் எல்லாரும் பேசுவது தமிழ். படிக்கத் தெரிந்தவர் இல்லை. ஸ்கூலில் கன்னடம், இல்லாவிட்டால் இங்கிலீஷ். என் வீட்டம்மாவும் இங்கேயே பிறந்தவள். பஸ் போர்டைக் கன்னடத்தில் கடகடவென்று படிப்பாள். நான் எழுதியதைத் தலைகீழாகக் கொடுத்தாலும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் நான் எழுதுவதே. யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம்.

இந்தத் தடவை ஓனரம்மாவைப் பற்றி எழுதிவிட்டேன்.

எங்கள் காம்பவுண்டில் ஆறு குடித்தனம். தரைக்கு அடியில் தண்ணித் தொட்டி ஒன்று. இங்கே சம்ப் என்போம். காவேரித் தண்ணி வருகிற நாளில் ஓனரம்மா சம்ப் மூடி மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மோட்டார் ரூம் சாவி இடுப்பில். வீட்டுக்கு எத்தனை பக்கெட் என்று விரல் விட்டு எண்ணுவார். என் கதையில் அந்த மூடி உடைந்து, அந்தம்மா நாற்காலியோடு உள்ளே விழுகிறார். குடித்தனக்காரர்கள் பக்கெட்டோடு சுற்றி நின்று பேசுகிறார்கள். அந்தம்மாவை முதலில் எடுப்பதா, தண்ணியை முதலில் எடுப்பதா? தண்ணியை என்று முடிவாகிறது. கதை அவ்வளவுதான்.

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

அந்த மாசம் எங்கள் லீஸ் முடிகிறது. மேற்கொண்டு கொடுப்பதாகவும் ஓனரம்மா சொல்லவில்லை, காலி பண்ணு என்றும் சொல்லவில்லை. காலி பண்ணு என்றால் வீடு மட்டும் போகாது. சுவரோரத்து வண்டியும் போகும். பதினேழு வருஷத்து வாடிக்கையும் அதோடு போகும்.

பத்திரிகை சனிக்கிழமை வந்தது. கவரைப் பார்த்ததுமே வீட்டம்மா ரவை வாங்கக் கிளம்பிவிட்டாள். போகிற வழியிலேயே எல்லாரையும் கூப்பிட்டும் விட்டாள். படிக்கும்போது வேறு மாதிரி படித்துவிடலாம் என்று நானும் நிம்மதியாகத்தான் பிரித்தேன்.

படம் போட்டிருந்தார்கள்.

மெட்ராஸில் இருக்கும் யாரோ வரைந்தது. ஓனரம்மாவை ஜென்மத்தில் பார்த்திராத ஆள். ஆனால் அச்சு அசல் அவர்தான். இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடுப்பில் சாவி, சம்ப் மேல் நாற்காலி. எல்லாம் நான் எழுதியிருந்ததுதான். சுற்றிலும் பக்கெட்டோடு ஆட்கள்.

வீட்டம்மா திரும்பி வந்து பார்த்தாள். கதை அவளுக்குத் தெரியும், முன்னமே சொல்லியிருந்தேன்.

"ஏங்க, அவங்க காதுல போட்டுக்கினு இருக்கிற கம்மல் கூட வந்துக்குது."

"ம்."

"எழுதும்போது உங்களுக்குத் தெரியலையா?"

"ரவைய வறு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் ஓனரம்மா பத்திரிகையை வாங்கிப் பிரித்துவிட்டார். படத்தில் கண் நின்றது.

"இன்னாப்பா இது, நானா?"

மறுக்க வழியில்லை. "நீங்கதாம்மா."

"என்னைப் பத்தியா எழுதின?"

"ஆமாம்மா."

"இன்னான்னு எழுதின? படி."

படித்தேன். ஒரு ஊரில் ஒரு ஓனரம்மா இருந்தார். குடித்தனக்காரர்கள் அவருக்குப் பிள்ளைகள் மாதிரி. வெயிலிலும் மழையிலும் சம்ப்பைக் காவல் காத்தார். ஒரு வீட்டுக்கும் தண்ணி குறையாமல் பார்த்துக்கொண்டார். இப்படியே போனது. நடுநடுவே பக்கத்தைத் திருப்பினேன். திருப்பாமல் படித்தால் சந்தேகம் வரும்.

ஆட்டோக்காரர் கேசரியை முடித்துவிட்டுப் படத்தை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரிப்பா. அந்த பக்கெட்காரனுங்க ஏன் அவங்களை மொறைச்சிக்கினு நிக்கிறானுங்க?"

"மொறைக்கலை. நன்றியோட பாக்குறாங்க."

"நன்றின்னா மூஞ்சி அப்டியா இருக்கும்?"

"உனக்கு இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கட்டுமாண்ணா?" என்று வீட்டம்மா உள்ளே புகுந்தாள். கேசரி அவர் வாயை அடைத்தது.

ஓனரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்கப்பா. ஆனா ஓடுற பஸ்ஸு மாதிரி படிக்கிற" என்றார். பத்திரிகையை என் கையிலிருந்து எடுத்து மாடிப் பொண்ணிடம் நீட்டினார். "நீ தமிழ்நாட்டுப் பொண்ணு. உனக்குப் படிக்க வரும் இல்ல? நிறுத்தி நிதானமா இன்னொரு தபா படி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பொண்ணுக்குத் தமிழ் படிக்க வரும். பதினேழு வருஷத்தில் எங்கள் காம்பவுண்டுக்கு அப்படி ஒருத்தரும் வந்ததில்லை. கேசரிக்குக் கூப்பிடும்போது இதை யாரும் யோசிக்கவில்லை. வீட்டம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பொண்ணு மனசுக்குள் படித்தது. முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் பாதி வந்ததும் இருமியது. இருமல் இல்லை அது. தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"படிம்மா, ஏன் நிறுத்திட்ட?"

"படிக்கேன் ஆன்ட்டி. மனசத் தொட்டுருச்சு, அதான்."

பிறகு சத்தமாகப் படித்தது. நான் சொன்ன கதையைத்தான் படித்தது. என்னைவிட நன்றாகவே படித்தது. பிள்ளைகள், காவல், வெயில், மழை எல்லாம் வந்தது. அதோடு விடவில்லை.

"மாடியில் குடியிருந்த பெண்ணிடம் ஓனரம்மா சொன்னார்: மகளே, நீ ஏன் கையால் துவைத்துக் கஷ்டப்படுகிறாய்? வாஷிங் மெஷின் வாங்கிக்கொள். சனிக்கிழமை தோறும் உனக்கு மோட்டார் போட்டு விடுகிறேன்."

மாடியில் வாஷிங் மெஷின் கூடாது என்பது ஓனரம்மா போட்ட முதல் கண்டிஷன்.

ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். "இதை நீ படிக்கவே இல்லையே?"

"வேகத்துல விட்டுட்டேம்மா."

"பாரு. முக்கியமானதை விட்டுட்ட."

பிறகு பொண்ணைப் பார்த்து, "சின்ன மெஷினா வாங்கிக்கோ. புக்குலயே வந்தப்புறம் நான் இல்லைன்னு சொன்னா நல்லா இருக்காது" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓனரம்மா சொன்னார்: "ஆம்பூர்ல என் தங்கச்சி இருக்கிறா. அவளுக்குத் தமிழ் படிக்க வரும். இந்த புக்கை அனுப்பணும்."

"இது எனக்கு வந்த ஒரே பிரதிம்மா."

"உன்னுது எனக்கு வேணாம். கடையில கெடைக்கும் இல்ல? செவ்வாய்க்கிழமை கறி வாங்க சிவாஜிநகர் போறேன். நாலு வாங்கிக்கிறேன். படத்தை மட்டும் எனக்கு வெட்டிக் குடு."

பிளேடால் படத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். பின்பக்கம் வாசகர் கடிதம்தான், பயமில்லை. ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார், முருகனுக்குப் பக்கத்தில்.

திங்கட்கிழமை கரி போடவில்லை. பதினேழு வருஷத்தில் தீபாவளி, பொங்கல் தவிர நான் வண்டியை மூடியது அன்றுதான். காலையிலேயே பஸ் பிடித்துச் சிவாஜிநகர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தமிழ் பத்திரிகை போடுகிற கடை ஒன்றுதான். கடைக்காரர் அப்போதுதான் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசத்துது எத்தனை இருக்கு?"

"ஆறு. உனக்கு ஒண்ணா?"

"ஆறும் குடு."

ஏற இறங்கப் பார்த்தார். "உன் கதை வந்துக்குதா?"

தலையாட்டினேன்.

"எழுதுறவங்களை நிறையப் பாத்துட்டேன்பா. ஒருத்தரு வருவாரு, தன் பேரு வந்த புக்கை எடுத்து மேல வச்சிட்டுப் போவாரு. இன்னொருத்தரு வித்துச்சா வித்துச்சான்னு தெனம் கேப்பாரு. மொத்தமா அள்ளிக்கினு போறவனை இன்னிக்குத்தான் பாக்குறேன். அவ்ளோ ஆசையா?"

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல.

"நாளைக்கு யாராவது கேட்டா?"

"வித்துப்போச்சுன்னு சொல்லு."

"பொய்யில்ல, அதான் வித்துப்போச்சே" என்று சிரித்தார்.

அங்கிருந்து அல்சூர் மார்க்கெட். அங்கே ஒரு கடையில் போடுவார்கள். மூன்று இருந்தது. வந்தது நான்கு, ஒன்றை நேற்று சாயங்காலம் கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு வாங்கியது என்றார்கள். எந்தப் பொண்ணு என்று நான் கேட்கவில்லை.

ஒன்பது பிரதியையும் வண்டிக்குக் கொண்டுவந்து, பலகை மேல் விரித்திருக்கும் கம்பளிக்கு அடியில் வரிசையாக அடுக்கினேன். மேடு பள்ளம் சரியாகிவிட்டது. முதலில் தேய்த்தது ஓனரம்மாவின் காட்டன் புடவை. நன்றாக விழுந்தது மடிப்பு.

சாயங்காலம் மாடிப் பொண்ணு ஒரு பை துணியோடு வந்தது.

"அண்ணே, ஆன்ட்டி தண்ணிக்குள்ள கெடக்கும்போது சாவியை மட்டும் மேல தூக்கிப் பிடிச்சிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க. நேத்து ராத்திரி நெனச்சு நெனச்சு சிரிச்சேன்ணே."

என் கதையை ஒருவர் தானே படித்துவிட்டு வந்து சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. காட்டிக்கொள்ளவில்லை.

"புக்கு பத்திரமா இருக்கா?"

"இருக்குண்ணே. பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கேன்." துணிப் பையைப் பலகையில் வைத்தது. "இதுல ஒம்போது சுடிதார். எவ்வளவுண்ணே ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அடுத்த மாசம்?"

"அப்பவும் ஆகாது."

"நீங்க நல்லவருண்ணே" என்று சொல்லிவிட்டு மாடி ஏறியது.

செவ்வாய்க்கிழமை ஓனரம்மா கறிப்பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நேராக வண்டிக்கு வந்தார். நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"ஒரு புக்கு கூட இல்லப்பா!"

"அப்படியாம்மா?"

"வந்த அன்னிக்கே மொத்தமும் போச்சாம். ஒரே ஆளு அத்தினியும் வாங்கிக்கினானாம். யாரோ பைத்தியக்காரன்னு கடைக்காரன் சொல்றான். பைத்தியமா அவன்? கதை புடிச்சிதான வாங்கிக்கிறான்!"

"புடிச்சிருக்கும்மா."

"என் கதைக்கு அவ்ளோ டிமாண்டு." கம்பளி மேல் கையை ஊன்றி நின்றார். நேர் கீழே ஒன்பது பிரதி. "தங்கச்சிகிட்ட போன்ல சொன்னேன். அவ பொறாமையில ஒரு வார்த்தை பேசலை."

போகிறவர் நின்று திரும்பினார். "லீஸ் பேப்பர் போடணும் இல்ல? வெள்ளிக்கிழமை நல்ல நாள். வந்து கையெழுத்து போட்டுட்டுப் போ. பழைய அமௌண்டே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை போட்டேன். அந்த ஹாலில், அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷம். வீட்டுக்கு வந்ததும் வீட்டம்மா கேட்டாள்: "இனிமேலாவது முருகனைப் பத்தி எழுதுவீங்களா?"

மாசக் கடைசியில் ஆசிரியர் போன் பண்ணினார். அவர் என்னிடம் போனில் பேசியதே இல்லை, எப்போதும் கார்டுதான். குரலில் குஷி.

"ஐயா, பெங்களூர்ல எப்பவும் பாதிக்கு மேல திரும்பி வந்துரும். இந்த மாசம் ரெண்டு கடையிலயும் ஒண்ணு மிச்சமில்ல. உங்க கதைதான் காரணம். வாசகர்கள் உங்களைத் தேடி வாங்குறாங்க."

"சரிங்க."

"அந்த வீட்டுக்கார அம்மாவை விட்றாதீங்க. அவங்களை வச்சு இன்னொண்ணு எழுதுங்க. அடுத்த மாசமே போடுறேன், படத்தோட."

படம் வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

வைப்பதற்கு முன்னால், எல்லா ஊர்க் கடைகளிலும் சேர்த்து மொத்தம் எத்தனை விற்றது என்று கேட்டேன். தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

நான் வாங்கியது ஒன்பது. மாடிப் பொண்ணு வாங்கியது ஒன்று.

அவர் சொன்னது பதினொன்று.