அசுரனின் இடது கை

பாலே என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் கால் விரல் நுனியில் நிற்கிற வெள்ளைக்காரப் பெண்களை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பாலே என்றால் கோயில் உற்சவத்துக்கு மேடை போட்டு ஆடுகிற சாமி கதை. வசனம், பாட்டு, இடி, மின்னல் எல்லாவற்றையும் முன்னாலேயே ஸ்டுடியோவில் பதிந்து வைத்துவிடுவார்கள். அதற்கு ட்ராக் என்று பேர். மேடையில் இருப்பவர்கள் அதற்கு வாயசைத்து ஆடினால் போதும். பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழ் ட்ராக். மேற்கே போனால் மலையாளம். மலைமேலே குமுளி, ஆனைக்கரைப் பக்கம் கோயில் கமிட்டிக்காரர்கள் எதைக் கேட்கிறார்களோ அது.

எங்கள் குழு சின்னது. ஒரு வேனில் ஆட்களும் பெட்டிகளும் அடங்கிவிடும். நான் துணி தைப்பவள், கிரீடம் ஒட்டுபவள், ஆடுகிற பெண்களுக்குக் கொண்டை போட்டுவிடுபவள். என் வீட்டுக்காரர் அசுரன். எனக்குக் கல்யாணம் ஆகும்போதே அவர் அசுரன்தான். அம்மன் சூலத்தால் அசுரனை வதம் பண்ணுகிற கதை எங்களுடையது. வதம் முடிந்ததும் கோயில் பூசாரி மேடைக்கே வந்து, அம்மன் வேஷம் போட்ட பெண்ணுக்குக் கற்பூரம் காட்டுவார். ஜனங்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். அது முடிகிறவரைக்கும் அசுரன் அவள் காலடியில் அசையாமல் கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பதற்காகவே சீசன் முழுக்க அவர் விரதம் இருப்பார். கறி கிடையாது, பீடி கூடக் கிடையாது. குடி என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை. வேஷம் கட்டி முடிந்ததும் அம்மன் வேஷக்காரப் பெண்ணின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மேடை ஏறுவார். அந்தப் பெண் எங்கள் மகளைவிடச் சின்னவள். கூச்சப்பட்டுப் பின்னால் போவாள். "நில்லு கண்ணு, நான் உன்னையவா கும்புடறேன்" என்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடியில், சீசன் இல்லாத நேரம், பல் விளக்கப் போனவர் கிணற்றடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பேச்சு வரும், ஆனால் குழறும். ஆஸ்பத்திரியில் தினமும் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினார்கள். அவர் செய்யவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார். மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்துவைத்து நான் வேண்டாத அம்மன் இல்லை.

அப்போது குழு நடத்துகிற மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பேச்சு வரலீனு யாரு அழுதா? இத்தனை வருசமா மேடையில நீ பேசியா கிழிச்சே?" என்றார்.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை வாயில் சிரித்தார். படுத்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் முதல் பயிற்சி செய்தார். சுவரைப் பிடித்து நடந்தார், அப்புறம் கோலைப் பிடித்து, அப்புறம் என் தோளைப் பிடித்து. கார்த்திகைக்குள் ஒரு காலை இழுத்து இழுத்துத் தனியாக நடந்தார். எல்லாம் மேடைக்காகத்தான். மேடை இருக்கிற வரைக்கும் இந்த மனுஷன் நடப்பார், மேடை போனால் படுத்துவிடுவார். இது எனக்குத் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும்.

அவரை மேடையில் நிறுத்த நாங்கள் செய்த வேலை கொஞ்சமில்லை. வாய் கோணியது தெரியாமல் இருக்க, மீசையோடு சேர்த்து நெஞ்சு வரைக்கும் தாடி கட்டினேன். அந்த வருஷம்தான் பின்னால் தொங்குகிற, படம் எழுதின படுதாவை விட்டுவிட்டு எல்.இ.டி. மின்திரை வைக்கச் சொல்லிக் கமிட்டிக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதன் வெளிச்சம் பொல்லாதது. ஒட்டுப்போட்ட துணியின் தையலைக்கூட ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அசுரன் வருகிற காட்சிக்கு மட்டும் திரையை இருட்டாக்கி, இடது பக்கம் சிவப்பு விளக்கு, கொஞ்சம் புகை. நடந்து வருவதற்குப் பதில் சக்கரம் வைத்த சிம்மாசனத்தில் உட்கார்ந்து வருவார். எழுந்து சண்டைக்கு நிற்கும்போது இரண்டு அசுரப் படைவீரர்கள் அவருடைய இடது பக்கமாக ஒட்டியே ஆடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ராஜாவுக்குக் காவல்.

கைதான் பெரிய பாடு. தொங்குகிற கையை என்ன செய்தாலும் தொங்குகிற கைதான். கடைசியில் மாஸ்டர் சொன்னபடி, கேடயத்தின் பின்னால் தோல் வார் வைத்துத் தைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கையோடு சேர்த்துக் கட்டினேன். அதை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி நிறுத்த, கழுத்து வழியாக ஒரு கறுப்புப் பட்டை. முன்பெல்லாம் அம்மன் கேடயத்தைப் பிடுங்கித் தூர வீசுவாள், அது மேடையில் உருண்டு ஓடும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதை மாஸ்டர் எடுத்துவிட்டார். கேடயத்தோடேயே செத்துப்போகிற மாதிரி மாற்றினார்.

இப்படி ஒரு சீசன் ஓடியது. ஒருவருக்கும் தெரியவில்லை. சில ஊரில், முன்னைவிட அசுரன் கம்பீரமாக இருக்கிறான் என்றுகூடச் சொன்னார்கள். நான் அம்மனிடம் கையைத் திருப்பிக் கொடு என்று கேட்பதை விட்டுவிட்டேன். இப்படியே ஓடட்டும் என்று மட்டும் கேட்டேன்.

இந்த வருஷம் மாசியில் வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் அம்மன் கோயில் உற்சவம். எங்களுக்கு அப்புறம் சினிமாப் பாட்டுக் கச்சேரி, கானமேளா இருக்கிறது, எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் எங்கள் அம்மன் வேஷக்காரப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் முத்துப் போட்டுவிட்டது. அம்மை. வேறொரு குழுவில் ஆடுகிற பெண்ணை மாஸ்டர் பேசிப் பிடித்தார். நல்ல பெண். ஒழுங்காக ஆடுவாள். அவள் கற்றுக்கொள்வதற்காக மாஸ்டர் போனில் எங்கள் ஆட்டத்தின் வீடியோவை அனுப்பினார். அவரிடம் இருந்தது பழைய வீடியோ, என் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு வருவதற்கு முன்னால் எடுத்தது. அதில் அம்மன் கேடயத்தைப் பிடுங்கி வீசுவாள். அதை எடுத்துவிட்டோம் என்று அவளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கட்டின கை எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

அன்றைக்கும் அவர் அவளுடைய காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறினார்.

சண்டைக் காட்சி நன்றாகத்தான் வந்தது. நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்தப் பெண் சுற்றி வந்து, இடது கையால் கேடயத்தின் விளிம்பைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். கேடயம் வரவில்லை. ஆள்தான் வந்து விழுந்தார். விழுந்த வேகத்தில் தாடி ஒரு காதிலிருந்து கழன்று தொங்கியது. அவள் பயந்துபோய், முடித்துவிடலாம் என்று சூலத்தை அப்போதே நெஞ்சில் வைத்துவிட்டாள். ட்ராக்கில் அசுரனுக்கு வசனம் இன்னும் பாக்கி. கீழே கிடப்பவரின் குரல் ஸ்பீக்கரில், "அடி பெண்ணே, என்னை எதிர்த்து நிற்க உனக்கென்ன துணிச்சல்" என்று முழங்குகிறது. முன்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் மைதானமே சிரித்தது. போனை எல்லாம் தூக்கிப் பிடித்தார்கள்.

மாஸ்டர் ட்ராக்கை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள்.

வசனம் பாதியில் நின்றதும் அவருக்கு என்ன தோன்றியதோ, மீதி வசனத்தை அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பூசாரி மந்திரம் சொல்வதற்காக மேடை முன்னால் ஒரு மைக் வைத்திருந்தது. அந்தக் குழறல் மைதானம் முழுக்கக் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கூவ ஆரம்பித்தார்கள். முன்திரையை இழுத்து மூடிவிட்டார்கள். பூசாரி கற்பூரத் தட்டோடு படியில் நின்றவர், அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் அவரைப் பெட்டிமேல் உட்காரவைத்து வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"ஏனுங் மாஸ்டர், அம்மன் கோயில் மேடையில குடிகாரனையா ஏத்தறது?" என்றார் முதல் ஆள்.

பின்னால் நின்றவர் குனிந்து பார்த்து, "குடிச்ச மாதிரி தெரியலீங். நோவாளியாட்ட இருக்குது" என்றார். "ஏனுங், இங்கியே இவுனுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா? தீட்டாயி நாளைக்குத் தேரே நின்னுருக்குமல்லோ."

மாஸ்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நோவெல்லாம் இல்லீங். கொஞ்சம் தண்ணி போட்டுட்டான். பொறுத்துக்கோணும்" என்றார்.

"அவரு குடிக்கறதே இல்லீங்க. வெரதம்" என்றேன் நான்.

"பொண்டாட்டி வேற எப்பிடிச் சொல்லுவா" என்றார் முதல் ஆள்.

என் வீட்டுக்காரர் வலது கையை ஊன்றி எழப் பார்த்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வெறும் குழறல்.

"பாருங், நாக்கே பொரளலை" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அதற்குள் வெளியே கானமேளாக்காரர்கள் டிரம் தட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

வேனில் அந்தப் பெண் அழுதுகொண்டே வந்தாள். கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் நான் மாஸ்டரிடம் கேட்டேன்.

"ஏனுங்ணா அப்பிடிச் சொன்னீங்க?"

"நோவாளின்னா ஒரு கமிட்டியும் நம்மள ஏத்த மாட்டான் அம்முணி. குடிச்சான்னா இந்த வருசம் திட்டுவான், அடுத்த வருசம் மறந்துருவான். அவனுக்கும் சேத்தித்தான் சொன்னேன்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. அது எனக்குத் தெரியும். அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

யாரும் மறக்கவில்லை. விடிவதற்குள் வீடியோ எல்லார் போனிலும் வந்துவிட்டது. குடிகார அசுரன் என்று மேலே எழுதி, அவர் விழுவதையே திரும்பத் திரும்ப வருகிற மாதிரி செய்து, பின்னால் ஒரு பாட்டும் போட்டிருந்தார்கள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளின் மாமியார் வீட்டுக்குக்கூடப் போய்ச் சேர்ந்தது. மலைமேலேயிருந்து ஆனைக்கரைக் கமிட்டிக்காரர் மாஸ்டரைக் கூப்பிட்டு, ஆட்டம் வேண்டும், அந்த ஆள் மட்டும் வேண்டாம் என்றாராம்.

மாஸ்டர் அதைச் சொல்ல வந்தபோது உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். வேறு ஆள் பார்த்தாகிவிட்டது, சட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடு அம்முணி என்றார். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் முகத்தைப் பார்க்காமல், சரி என்று தலையை ஆட்டினார். சட்டையைப் பிரித்து இரண்டு பக்கமும் துண்டு வைத்துத் தைத்தேன். அவர் படுக்கும் அறையில்தான் தையல் மிஷின் இருக்கிறது. வேறு இடம் இல்லை.

மகளைத் துணைக்கு வைத்துவிட்டு ஆனைக்கரைக்குப் போனேன். நான் போகாமல் வேஷம் கட்ட ஆள் கிடையாது. அங்கே நல்ல குளிர். புது அசுரன் திடமான ஆள். மேடை அதிர நடந்தான். தமிழ் ட்ராக் போதும் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாகப் பதிய நேரமில்லாததால் குரல் என் வீட்டுக்காரருடையதுதான். அந்தப் பையன் ஓரிடத்திலும் பிசகாமல் வாயசைத்தான். கேடயத்தைப் பிடுங்கி வீசுகிற காட்சியை மாஸ்டர் திரும்பச் சேர்த்திருந்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். பூசாரி கற்பூரம் காட்டினார். நானும் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று கும்பிட்டேன். கும்பிடாமல் இருக்க எனக்குத் தெரியாது.

காலையில் வீட்டுக்கு வந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"எந்திரிக்கவே மாட்டேங்கறாரும்மா. நேத்து ஒருவாய் கஞ்சியோட சரி" என்றாள் மகள்.

ஆனைக்கரையிலிருந்து கொண்டுவந்த அம்மன் குங்குமத்தை அவர் நெற்றியில் வைத்தேன். வலது கையைத் தூக்கி அழித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

"அவ மேல என்னுங்க கோவம்? மனுசங்க பண்ணுனதுக்கு அவ என்ன பண்ணுவா?" என்றேன்.

சுவரைப் பார்த்தே சொன்னார். வேறு யாருக்கும் புரிந்திருக்காது. எனக்கு அவர் பேச்சு பழகிவிட்டது.

"பாத்துட்டுத்தான இருந்தா."

மகள் என்னைப் பார்த்தாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

சாயங்காலம் கை கால் கழுவி விளக்கு வைத்தேன். எப்போதும் ஏதாவது கேட்பேன். அன்றைக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை, சும்மா நின்றேன். அப்புறம் உள்ளே போய், பயிற்சிக்கு நேரமாயிடுச்சுங்க, எழுந்திரிங்க என்று கூப்பிட்டேன். தினமும் கூப்பிடுகிறேன். அவர் திரும்புவதில்லை.