பொங்கலுக்கு வாங்கிய பெலட்

பொங்கலன்று பால் பொங்கும் நேரத்தில் நான் எப்போதும் அறைக்குள் இருப்பேன். கதவு சாத்தியிருக்கும், கதவிடுக்கில் ஈரத்துணி. எனக்கு மூச்சிழுப்பு. விறகுப் புகை பட்டால் வாயில் மருந்துப் பம்ப் அடித்தும் அன்று முழுக்கப் படுக்கைதான். கணவரின் தங்கை ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து முதல்நாளே வந்துவிடுவாள், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு. மிலாறு என்போம் அதை. அம்பிட்டியவில் எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில் அவள்தான் பொங்கல் வைப்பாள். என் வீட்டுப் பொங்கலை இன்னொருத்தி வைக்க, நான் உள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்பேன். அழுகையாக வரும். வெளியே சொன்னதில்லை.

காஸ் அடுப்பில் வைக்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"காஸ்ல வச்சா அது பாற்சோறு அண்ணி, பொங்கல் இல்ல" என்று நாத்தனார் ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். சூரியனுக்கு முன்னால் முற்றத்தில் நெருப்பு எரிய வேண்டும். அதற்குமேல் பேச்சில்லை.

போன மார்கழியில் கணவர் பெலட் அடுப்பொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தகரத்தால் செய்தது, அடியில் ஒரு குட்டி ஃபேன். பெலட் என்றால் மரத்தூளையோ உமியையோ அழுத்திச் செய்த சின்னத் துண்டுகள். பார்க்கக் கோழித்தீவனம் மாதிரி இருக்கும்.

"புகையே வராது. இந்த வருசம் நீதான் வைக்கிற" என்றார்.

பற்ற வைத்தோம். வந்தது. அடுப்போடு கொடுத்த பையில் இருந்தது உமிப் பெலட். சாம்பல் கட்டி கட்டியாகி ஃபேன் காற்றை அடைத்துவிட, எனக்குத் தொண்டை கரகரத்தது. மனிதருக்கு முகம் விழுந்துபோனது. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு திகனவுக்குப் போனார். அங்கே பெலட் விற்கும் முஸ்லிம் நானாவின் கடையில் எல்லா வகையும் இருக்கிறதாம்.

நானா மூன்று சாக்குகளின் வாயை அவிழ்த்துக் காட்டினார். "தங்கச்சிக்கு மூச்சுக் கஷ்டம்னா பார்த்து எடுங்க. எல்லாத்துலயும் கொஞ்சம் கொண்டு போங்க. எது ஒத்துக்குதோ அதுக்கு அப்புறமா வாங்க, முழுச் சாக்காவே ஈக்கி, தாரேன்."

வீட்டில் பரீட்சை நடந்தது. கணவர் முற்றத்தில் ஒவ்வொன்றாகப் பற்ற வைப்பார். நான் உடுப்புக் காயப்போடும் கொடிக்கு அப்பால் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். நெஞ்சு இறுகினால் கையைத் தூக்க வேண்டும். மேசை கதிரை செய்யும் தளபாடக் கடைக் கழிவுத்தூளில் செய்தது எரியத் தொடங்கியதுமே கையைத் தூக்கிவிட்டேன், பசை நாற்றம். பைனஸ் மரத்தூளில் செய்தது பார்க்க அழகாக இருந்தது, ஆனால் வார்னிஷ் பூசிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி, அதற்கும் கையைத் தூக்கினேன். கடைசியாக ரப்பர் மரம். பற்றும்போது லேசாகப் புகைந்து, பிறகு நீலச் சுவாலையாக நின்றுவிட்டது. நான் கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு இழுத்தேன். அடுப்புப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தபோதும் கை மடியில்தான் இருந்தது.

ரப்பர் மரச் சாக்கு வந்தது. ஈரம் பட்டால் பெலட் ஊதிப்போகும் என்று நானா எச்சரித்திருந்ததால், மார்கழி மழைக்குப் பயந்து என் சேலை அலுமாரிக்குள் சாக்கை வைத்துப் பூட்டினார் கணவர். சேலைகள் கட்டிலுக்கு அடியில் போயின.

பொங்கலன்று காலை நாத்தனார் அடுப்பைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஃபேன் போட்ட அடுப்புலயா சூரியனுக்குப் பொங்கல்?" என்று சிரித்தாள். மிலாறுக் கட்டையும் விடாமல் கொண்டு வந்திருந்தாள். கற்பூரம் வைத்துப் பற்றவைத்து, மண்பானையை ஏற்றிப் பாலை ஊற்றினேன்.

பால் விளிம்புக்கு ஏறியபோதுதான் கணவருக்கு உறைத்தது. அத்தனை பரீட்சையிலும் ஒருநாளும் நாங்கள் பானை வைத்துப் பார்க்கவில்லை. பொங்குகிற பால் எங்கே வடியும்? நேரே பெலட்டுக்குள்.

"ஐயோ, நனைஞ்சிரும்!" என்று துணியோடு பானையைத் தூக்கப் பாய்ந்தார்.

"கைய எடுங்க! பொங்கட்டும்!" என்று நான் தடுத்தேன்.

நுரை நாலாபக்கமும் வழிந்தது. அடுப்பு சீறி, வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. "உள்ள போ! உள்ள போ!" என்று அவர் கத்தினார். நான் காற்று வருகிற பக்கமாக நாலடி நகர்ந்து நின்றேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "பொங்கலோ பொங்கல்!" என்றேன். இருமியது நாத்தனார்தான்.

அடுப்பு அத்தோடு அணைந்தது. பானையைச் சமையலறைக்குத் தூக்கிப் போய், அரிசியைப் போட்டு, காஸில்தான் வேகவைத்தேன். பாற்சோறு என்று யாரும் வாய் திறக்கவில்லை. நாத்தனார் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றாள்.

கணவர் முற்றத்தில் குந்தியிருந்து, பால் குடித்து ஊதிப்போன மரத்தூளைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "மூச்சு எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

பதிலாக, தெருவுக்கே கேட்க இன்னொரு "பொங்கலோ பொங்கல்" போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கத்தியதற்கு அவர் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.