வாய் திறந்த குருவி

மட்சாலு வளைகுடாவில் ஹெல்யுவின் காதுக்கு மறுபேச்சே கிடையாது. மீன் புகைபோடும் கொட்டகையில் ஆயுசெல்லாம் நின்ற பொம்பளை. வேலை முடிந்தால் நேரே நாணல்காட்டு ஓரத்தில் பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறிவிடுவாள். எந்தப் பறவை எங்கே கத்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். பறவைச் சரணாலயத்துக்காரர்களும் அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள்.

வெட்டுக்கிளிக் குருவி போய்விட்டது என்று சொன்னதும் அவள்தான். புல்லுக்குள் பதுங்கும் சின்ன ஜீவன் அது, வெட்டுக்கிளி போலக் கத்தும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சரணாலயப் புல்வெளியில் மாடு விடும் ஆர்வோவின் மாடுகள் மேய்ந்துதான் விரட்டிவிட்டன என்று பிடித்த பிடியில் நின்றாள். இன்றைக்குச் சரணாலய அதிகாரி கைசா வருகிறாள். ஹெல்யு ஒரு வார்த்தை சொன்னால் மாடுகள் வெளியே.

விடியலில் ஆர்வோவும் கோபுரமேறி வந்தான்.

"அக்கா, அந்தா கத்துதே, கேக்கலையா?"

"வெட்டுக்கிளியா இருக்கும். போடா."

"மே மாசத்துல ஏது வெட்டுக்கிளி? வயசாச்சுன்னா புத்தியும் மழுங்குமா?"

"மாட்டுக்காரன் எனக்குப் பறவை சொல்லித் தர்றியா!"

சொல்லிக்கொண்டே தொலைநோக்கியை அவன் காட்டிய புதருக்குத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றுபோனாள்.

காய்ந்த தண்டின் உச்சியில் அதே குருவி. அலகு பிளந்திருக்கிறது. தொண்டை துடிக்கிறது, உடம்பே நடுங்குகிறது. சத்தம் மட்டும் இல்லை. தூரத்து நாணலுக்குள் நாரை உறுமுவது தெளிவாகக் கேட்கிறது. கண்ணெதிரே பாடுகிற இது மட்டும் ஊமை.

"எப்படிடா கத்துது?" என்று கேட்டாள்.

"தூண்டில் சக்கரத்தை நிக்காம சுத்துற மாதிரி, சர்ர்ருன்னு. ஏன்க்கா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

இரண்டு காதையும் பொத்தினாள், திறந்தாள். குருவியின் சத்தம் மட்டும் இரண்டிலும் இல்லை.

அப்போது ஜீப் வந்து நின்றது. கதவு அடித்த சத்தத்தில் குருவி புல்லுக்குள் விழுந்து மறைந்தது.

"நிறுத்திடுச்சு," என்றான் ஆர்வோ. முகம் செத்துப்போயிற்று. இனி அவன் பேச்சை யார் நம்புவார்கள்?

கைசா மூச்சுவாங்க ஏறிவந்தாள். "என்னம்மா, குருவி இல்லதானே? மாட்டை எடுக்கச் சொல்லிரலாமா?"

ஹெல்யு கைப்பிடிக் கட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"இருக்கு. வாயத் திறந்து பாடினதை இப்பத்தான் பாத்தேன். அந்த மெல்லிசான கீச்சுக் குரல் மட்டும் இந்த வயசுல எனக்குக் கேக்கல. மாடு இருக்கட்டும்."

கைசா அவள் பக்கம் திரும்பினாள். "எத்தன வருஷமா கேக்கலம்மா?"

"அதெப்படி எனக்குத் தெரியும்?" என்றாள் ஹெல்யு. "கேக்காதது கேக்கலன்னு யாரு வந்து சொல்லுவா?"

ஆர்வோ தலையைக் குனிந்துகொண்டான். குருவி கத்துகிறது என்று அவன்தான் ஒவ்வொரு வருஷமும் சொல்லியிருந்தான்.