அண்ணி பார்க்கச் சொன்ன கடிகாரம்

“பத்தாவது பாஸ் பண்ணி என்னடி புண்ணியம்? கடைசியில நீயும் கரண்டியத்தான எடுத்த?”

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பக்கத்து வீட்டு அக்கா எல்லார் முன்னாலும் இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். உத்தனப்பள்ளியிலிருந்து வந்து, ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அன்று காய்ச்சலில் அண்ணனின் ஒன்றரை வயது மகளுக்குக் கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அக்கா ஓடிவந்து இரும்புச் சாவிக்கொத்தைக் குழந்தையின் கையில் திணித்தார். நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று பயந்து, பல்லுக்கு நடுவே கரண்டியை நுழைத்தவள் நான்தான். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்த ரத்தத்தைப் பார்த்துக் கடிந்துகொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. அழுத்திப் பிடிக்கக் கூடாது. மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். நின்றுவிட்டாலும் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

நான் தலையாட்டினேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அண்ணியோ, “இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா” என்று மூன்று முறை கேட்டார். பஸ்ஸில் வீடு வரும்வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி காய்ச்சல். பட்டப்பகல், அண்ணன் ஷிப்ட்டில். பாப்பா அண்ணியின் மடியிலேயே விறைத்தாள். எனக்குக் கால் நகரவில்லை. அண்ணி அவளைப் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

“நீ கடியாரத்தப் பாரு. வேற எதையும் பாக்காத.”

ஷிப்ட்டுக்கு எழ அண்ணன் வாங்கிய அலாரம் கடிகாரத்தைக் கையில் எடுத்தேன். அதற்குள் சாவிக்கொத்துடன் அக்கா வந்துவிட்டார்.

“கையில இரும்பக் குடுங்கடி! பாத்துக்கினே இருக்கீங்களே!”

அண்ணி திரும்பாமலே சொன்னார். “நீங்களே புடிச்சிக்கங்கக்கா. உங்க கைதான் நடுங்குது.”

அக்கா உண்மையிலேயே கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எவ்ளோ ஆச்சு?” என்றார் அண்ணி.

“ரெண்டரை.”

மூன்றாவது நிமிடம் முடியுமுன் இழுப்பு நின்றது. பாப்பா பெருமூச்சு விட்டு அயர்ந்தாள். வாயில் ஒரு கீறல் இல்லை.

“போங்கடி ஆஸ்பத்திரிக்கு. ஊட்ட நான் பூட்டிக்கறேன்” என்றார் அக்கா.

அன்று அந்த வீட்டில் மணி பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பாடத்தை ஒப்பித்தே தேறிய நான் கல்லாய் நின்றபோது, காதால் கேட்டதைக் கையால் செய்தவர் அண்ணி. அவரைப்போல் ஆக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

செவிலியர் உதவியாளர் பயிற்சிக்குப் பத்தாவது போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன திங்கட்கிழமை, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணியும் கூட வர, கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறிப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.