பேஸ் செட்டும் நாங்க நாலு பேரும்

ஹெல்ப்லைன் வேலைங்குறது, ஊர்ல உள்ளவங்க யாரு மேலயோ வச்சுருக்குற கோவத்தை நம்ம காதுல வாங்கிக்கிட்டு, "கண்டிப்பா சார், புரியுது சார்"னு தேன் தடவித் திருப்பிக் குடுக்குற சோலி. பேங்கு, கேஸு, டிஷ்ஷுன்னு ஏதாவது ஒரு கம்பெனிக்கு ஹெட்போன் மாட்டி ஒக்காந்துருக்குற மக்கா, உங்களுக்கு நான் புதுசாச் சொல்ல வேண்டியதில்ல. எனக்கு வாய்ச்சது சீட்டு வெளையாட்டு.

காசு வச்சு ஆடுறது இல்ல, பதறாதீங்க. போன்ல ரெண்டு பேரு எதிரெதிரா ஆடுறது. ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு ஆளு இருக்கும். ஆட்டுக்காரன், யானைப்பாகன், சண்டைக்காரக் கெழவி, இப்படி. தொட்டாலும் எறக்குனாலும் வாயத் தொறந்து ஒரு வசனம் பேசும். வெளையாட்டைப் போன்ல ஏத்துனதுமே சும்மா குடுக்குற மொதக் கட்டுக்குப் பேரு பேஸ் செட்டு. மத்த கட்டெல்லாம் வரும், கொஞ்ச நாள் இருக்கும், போயிரும். பேஸ் செட்டு மட்டும் எப்பவும் இருக்கும். அதுல தமிழ் பேசுற அத்தனை பேரும் நாந்தான். ஆட்டுக்காரனும் நான், ஆடும் நான். மேடை மிமிக்ரிக்காரனா இருந்த என்னையக் கூப்புட்டுக் கொரலைப் பதிஞ்சுக்கிட்டாங்க, அப்புறம் தமிழ் ஹெல்ப்லைனுக்கும் என்னையவே போட்டுக்கிட்டாங்க. கொடைக்கானல் நாயுடுபுரத்துல தகரக் கூரை போட்ட ஒத்த ரூமு, அதுதான் என் வீடும் ஆபீஸும். தமிழ் லைனுக்கு நான் ஒரே ஆளு. சீசன் முடிஞ்சா சுத்தி உள்ள காட்டேஜெல்லாம் பூட்டிக் கெடக்கும். மேகம் எறங்குச்சுன்னா எதுத்த செவரும் தெரியாது.

ஒரு நாள் பெங்களூர் ஆபீஸ்ல இருந்து உத்தரவு வந்துச்சு. கூப்புடுற எல்லார்கிட்டயும் கடைசியில ஒரு கேள்வி கேக்கணும்: "பேஸ் செட்டை எடுத்துரலாமா, வேணாமா?" புதுக் கட்டுல தமிழ்க் கொரலு கெடையாது, வெறும் மியூசிக்குதான். பேஸ் செட்டு போனா என் கொரலு போகும், அது பின்னாடியே தமிழ் லைனும் போகும். அதாவது, என் வேலை போகலாமா வேணாமான்னு நானே ஊரெல்லாம் பணிவாக் கேக்கணும்.

பெரியவர்கிட்ட குடு

கன்னிவாடிக்காரர் ஒருத்தர். ஜெயிச்ச ஆட்டத்தைத் தோத்ததாக் காட்டுதுன்னு கொதிக்கிறாரு. "ஒரு தடவ மூடிட்டுத் தொறங்க சார்"ன்னேன். "எனக்கு மூடத் தொறக்கத் தெரியாதா? ஒங்க பெரியவர் யாருய்யா, அவர்கிட்ட குடு"ன்னாரு. பெரியவருக்கு நான் எங்க போறது? "லைன்ல இருங்க"ன்னு சொல்லிட்டு, வாயாலயே கொஞ்ச நேரம் ஹோல்ட் மியூசிக் வாசிச்சேன். அப்புறம் யானைப்பாகன் கொரலைக் கொஞ்சம் எறக்கி, மூக்குல லேசாச் சளி சேத்து, "வணக்கம், மேனேஜர் சிவசைலம் பேசுறேன்"னேன். சொன்னது அதே வைத்தியந்தான். மூடுங்க, தொறங்க.

மூடுனாரு, தொறந்தாரு, சரியாயிருச்சு. மனுசன் குளுந்து போயிட்டாரு. "படிச்சவங்க படிச்சவங்கதான் சார். மொதல்ல ஒருத்தன் பேசுனான் பாருங்க, அவனை வேலைய விட்டுத் தூக்குங்க."

ஆபீஸு வளந்த கதை

சிவசைலம் சார் வந்த பெறகு அவரு தனியா என்ன பண்ணுவாருன்னு, கான்வென்ட் இங்கிலீஷ் பேசுற ஸ்டெல்லா மேடத்தைச் சேத்தேன். எந்தக் கேள்விக்கும் "டவர் பிரச்சனைண்ணே"ன்னு சொல்றதுக்கு டெக்னிக்கல் பாண்டி வந்தான். என்னோட சேத்து நாலு பேரு. ஒருத்தருக்கொருத்தர் பொறாமை, கிண்டல் எல்லாம் உண்டு. ஷிப்ட் முடிஞ்சு ஹெட்போனைக் கழட்டுனா ரூம்ல ஒரு சத்தம் இருக்காது. சிவசைலம் சார் கொரல்லயே "என்னப்பா, சாப்ட்டியா?"ன்னு என்னைய நானே கேட்டுக்கிட்ட நாளும் உண்டு.

ஸ்டெல்லா மேடத்துக்கிட்டப் பேசிட்டு ஒரு திண்டுக்கல் வாத்தியார் சொன்னாரு: "ஆபீஸ்னா இப்படிக் கலகலன்னு இருக்கணும் மேடம். எங்க ஸ்டாஃப் ரூம்ல எவனும் எவன்கிட்டயும் பேசுறது இல்ல."

தக்காளி லோடு

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல லோடு ஏறுற வரைக்கும் வண்டிக்குள்ள ஒக்காந்து ஆடுற லாரி டிரைவர் ஒருத்தர். கேள்வியக் கேட்டேன். யோசிக்கவே இல்ல. "எடுத்துருங்க. எவன் வந்தாலும் மொத ஆளா ஆட்டுக்காரனைத்தான் எறக்குறான். அவனும் 'ஏலே, வழிய விடு'ங்குறான். கேட்டுக் கேட்டு என் க்ளீனரு தூக்கத்துல சொல்றான். புதுச் சீட்டு எம்புட்டு வந்தாலும் எவனும் தொட மாட்டேங்குறான், பழசுதான் லேசாக் கெடைக்குதே." அந்த 'ஏலே'க்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனா அவரு சொன்னதுல தப்பு கண்டுபிடிக்க முடியல. 'எடுக்கலாம்' பட்டனை நானே அமுக்குனேன்.

போனை வைக்கிறப்ப சொன்னாரு: "தெனமும் தக்காளி ஏத்தித் தக்காளி எறக்குறேன் சார். வெளையாட்டுலயாவது வேற லோடு ஏத்த விடுங்க."

பழசு இல்லாத நிகழ்ச்சி

இந்த வாதத்துல எனக்கும் அனுபவம் உண்டு. சீசன்ல ஓட்டல் கேம்ப் ஃபயருக்கு மிமிக்ரி பண்ணப் போவேன். ரயிலு, நாய்ச் சண்டை, அழுகுற கொழந்த, பஸ் கண்டக்டரு. இதுதான் என் பேஸ் செட்டு. வருசக்கணக்கா ரயிலு விட்டு வெறுத்துப் போயி, ஒரு சாயங்காலம் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசாப் பண்ணுனேன். லிஃப்ட்டு பேசுறது, மேப்பு வழி சொல்றது, போன்ல வர்ற லோன் பொண்ணு. ஜனம் மரியாதையாக் கேட்டுச்சு. கை கூடத் தட்டுச்சு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

முடிச்சுட்டு எறங்குறேன், முன் வரிசையில இருந்த கோயமுத்தூர்க்காரர் கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரு: "எல்லாம் நல்லா இருந்துச்சுங்க. நிகழ்ச்சி எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

பூம்பாறை அக்கா

ராசாத்தி அக்காவுக்குப் பூம்பாறையில பூண்டுக் காடு. வீட்டுல அவங்க மட்டுந்தான். மொதத் தடவ கூப்புட்டப்ப வணக்கமெல்லாம் இல்ல, நேரா விசயத்துக்கு வந்துட்டாங்க.

"தம்பி, கெழவி இருக்குறப்ப ஆட்டுக்காரனை எறக்குனா ஆடு பொழைக்குமா, பொழைக்காதா?"

"பொழைக்கும்க்கா. யாரு கூட ஆடுறீங்க?"

"எம் மகன் கூடத்தான். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவன்தான் இதைப் போன்ல போட்டுக் குடுத்தான். சீட்டுல படம் பொடிசு, கண்ணுக்குத் தெரியல. இங்கிலீஷா எழுதிக் கெடக்கு, எனக்கு அது வராது. கொரலை வச்சுத்தான் எந்தச் சீட்டுன்னு கண்டுபிடிக்கிறது. புதுச் சீட்டெல்லாம் ஊமையால்ல இருக்கு?"

பேஸ் செட்டை எடுக்கப் போறாங்கன்னு சொன்னேன். "அப்ப நான் ஜெயிக்க முடியாதே"ன்னாங்க. மகன்கிட்டத்தானக்கா தோக்குறீங்க, என்ன போச்சுன்னு சிரிச்சேன்.

"ஜெயிச்சான்னா 'சரிம்மா'ன்னு மூடிட்டுப் போயிருவான். தோத்தாத்தான் கோவத்துல போன் போட்டு அர மணி நேரம் சண்டை புடிப்பான் தம்பி."

பழனிக் கணக்கு

பழனியில பஞ்சாமிர்தக் கடை வச்சுருக்குறவரு, பஸ் ஸ்டாண்டு எரைச்சலுக்கு நடுவுல கத்திப் பேசுனாரு. "எங்க கடையில டப்பா மாத்திருக்கோம், மூடி மாத்திருக்கோம், பேரீச்சம்பழம் கூடக் கொறைய போட்டுருக்கோம். வாழப்பழத்தை எடுத்துட்டுப் பஞ்சாமிர்தம்னு வித்தா பக்தரு சும்மா விடுவாரா?" நான் மனசுக்குள்ள விசில் அடிச்சேன். அப்புறம் மெல்லக் கேட்டேன், நீங்க பேஸ் செட்டுலதான் ஆடுறீங்களாண்ணேன்னு.

"சே சே. நான் புதுசுதான் ஆடுவேன். தெனமும் எவன் பஞ்சாமிர்தம் திம்பான்?"

வட்டக்கானல் ப்ரோ

வட்டக்கானல்ல கெஸ்ட் அவுஸ் பாத்துக்குற பையன். சீசன்ல மொபைலைத் தொட நேரம் இருக்காது. ரூமெல்லாம் காலியானதும் ரொம்ப நாள் கழிச்சு வெளையாட்டுக்குள்ள வந்துருக்கான். அவன் சேத்து வச்ச கட்டெல்லாம் காலாவதி. புதுசு ஒண்ணும் புரியல. "டெலீட் பண்ணலாம்னு விரலை வச்சுட்டேன் ப்ரோ. அப்ப பாத்து எதுத்தாளு ஆட்டுக்காரனை எறக்குனான், 'ஏலே, வழிய விடு'ன்னான்"னு நிறுத்துனான்.

"ரெண்டு வாரமா என்கிட்ட யாருமே பேசல ப்ரோ. திட்டுனாலும் பரவால்லன்னு தோணுச்சு."

மழை

ராசாத்தி அக்கா வாரத்துக்கு நாலு தடவ கூப்புடுவாங்க. ஆட்டத்துல சந்தேகம் தீந்ததும், "மேனேஜரைக் குடுங்க, நல்லாருக்காரான்னு கேட்டுக்குறேன்"பாங்க. சிவசைலம் சார் பெங்களூர்ல ஏசி ரூம்ல இருக்குறாருன்னு நான் முன்னாடியே அளந்து விட்டுருந்தேன். ஸ்டெல்லா மேடம் சென்னை. பாண்டி மதுரை.

ஒரு நாள் சரியான மழை. தகரத்துல கல்லு கொட்டுற மாதிரி சத்தம். நான் பேசி முடிச்சேன். சிவசைலம் சார் வந்து பூண்டு வெலை விசாரிச்சாரு. ஸ்டெல்லா மேடம் "ஒன் மினிட் ப்ளீஸ்"னு வந்து பூண்டு உரிச்சா கை எரியுமான்னு கேட்டாங்க. பாண்டி டவர் பிரச்சனைன்னான். கொரலு ஒவ்வொண்ணும் அன்னைக்குச் சுத்தமா விழுந்துச்சு, என் மேடை வாழ்க்கையில அப்படி விழுந்ததில்ல. எல்லாம் முடிஞ்சதும் அக்கா நிதானமாக் கேட்டாங்க:

"மேனேஜரு வீட்டுக் கூரையும் தகரந்தானா தம்பி?"

அவரும் இருக்கட்டும்

ரெண்டு நாளு ஒவ்வொரு போனுக்கும் திக்குன்னு இருந்துச்சு. அக்கா கம்பெனியில சொல்லிட்டா கதை முடிஞ்சுது. மூணாம் நாள் கூப்புட்டாங்க. யானைப்பாகனை எப்ப எறக்குறதுன்னு கேட்டாங்க. சொன்னேன். "சரி, மேனேஜரைக் கூப்புடு"ன்னாங்க. மரியாதை 'ங்க' அன்னைக்கே உதுந்துருச்சு.

"அக்கா, அதான் தெரிஞ்சு போச்சுல்ல. அப்புறம் எதுக்கு மேனேஜரு?"

"இருக்கட்டும் தம்பி. இங்கயும் ஆளு இல்ல, அங்கயும் ஆளு இல்ல. இருக்குற மனுசரையும் ஏன் வெரட்டுற?"

இருவது பேரா கூப்புட்டா என்ன?

கணக்கு முடிக்கிற வாரம். 'எடுக்கலாம்' பக்கம் கொஞ்சம் கூடுதலாவே இருந்துச்சு. எனக்குக் குறுக்குப் புத்தி வந்துச்சு. இருவது கொரலு கையில இருக்கு, நானே போன் போட்டு 'எடுக்காதீங்க'ன்னு சொன்னா என்னன்னு. பாதி யோசனையிலதான் ஒறைச்சுச்சு, தமிழ் லைனுக்குப் போன் போட்டா எடுக்குறதும் நாந்தானேன்னு. எங்கேஜ்டு டோனுதான் வரும்.

பெங்களூர் ஆபீஸ் மேடம் கூப்புட்டாங்க. என் வயசுல பாதி இருக்கும், நல்ல பொண்ணு. "சார், கணக்கு இருக்கட்டும். தெனமும் பேசுறது நீங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்க?" வாய் வரைக்கும் வந்துச்சு, 'எடுக்காதீங்கம்மா'ன்னு. ஆனா டிரைவரு பொய் சொல்லல. நானும் ரயிலு விட்டு வெறுத்தவந்தான். "எல்லாரும் ஆடுற நடுக் கூடத்துல இருந்து எடுத்துருங்க மேடம், புதுசா வர்றவங்களுக்கு எடம் வேணும். ஆனா அழிச்சுறாதீங்க. பக்கத்துல தனியா ஒரு ரூமு போட்டு, பழசு வேணும்ங்குறவங்களை அதுல ஆட விடுங்க. கொரலோட"ன்னேன்.

அவங்க கொஞ்சம் தயங்குனாங்க. "நல்ல யோசனைதான் சார். ஆனா அந்த ரூமுக்கு ஹெல்ப்லைன் குடுக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

பழைய கூடம்

அப்படியே நடந்துச்சு. வெளையாட்டுக்குள்ளயே ஒரு மூலையில 'பழைய கூடம்'னு கதவு வச்சாங்க. தமிழ் லைனு மாசக் கடைசியோட நிறுத்தம். அக்காவுக்கு அந்தக் கதவைக் கண்டுபிடிக்கத் தெரியாதேன்னு நான் மொதல்ல உள்ள போயிப் பாத்தேன். 'எதிராளியைத் தேடுகிறது'ன்னு ஒரு சக்கரம் சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. பெறகு அக்காவைப் போன்ல வச்சுக்கிட்டு, இந்தப் பட்டனு, அந்தப் பட்டனுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லி உள்ள கூட்டியாந்தேன். சோதனைக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போட்டோம். கடைசியில சண்டைக்காரக் கெழவியை எறக்குனாங்க பாருங்க, என் கொரலே என்னையத் திட்டித் தெருவுல தள்ளுச்சு.

"நல்லா ஆடுறீங்கக்கா. இனி மகனையும் இங்க வரச் சொல்லுங்க, எல்லாம் சரியா இருக்கு"ன்னேன். அக்காவுக்குத் திருப்தி இல்ல.

"தோத்துட்டு இப்படி மரியாதையாப் பேசுனா எப்படி? கொஞ்சம் சண்டை போடு தம்பி."

கடைசிப் போன்

லைனு மூடுற அன்னைக்குச் சாயங்காலம் கூப்புட்டாங்க. மொத நாளு மகன் பழைய கூடத்துல தோத்துருக்கான். போன் போட்டு, ஆட்டுக்காரனை அப்படி எறக்குறது அழுகுணி ஆட்டம்னு ஒரே சண்டையாம். சொல்லச் சொல்ல அக்காவுக்குச் சிரிப்பு அடங்கல. அப்புறம், "மேனேஜரைக் கூப்புடு, ஒரு வார்த்த சொல்லிக்கிறேன்"ன்னாங்க.

ஹோல்ட் மியூசிக் வாசிச்சேன். சிவசைலம் சார் வந்து, ஒடம்பைப் பாத்துக்கங்கம்மான்னாரு. ஸ்டெல்லா மேடம் "டேக் கேர்"ன்னாங்க. பாண்டியால பேச முடியல, டவர் பிரச்சனைன்னு சொல்லிட்டு ஒதுங்கிட்டான். கூரையில சாரல் லேசா விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அக்காவும் கேட்டுருப்பாங்க. கூரையைப் பத்திக் கேக்கல. போனை வைக்கிறதுக்கு முன்னாடி சொன்னாங்க:

"நாலு பேரும் வெரசா சோலிய முடிச்சுட்டு, ஒண்ணா ஒக்காந்து சாப்புடுங்க தம்பி."

சாப்புட்டோம் மக்கா, நாலு பேரும் பேசிச் சிரிச்சு நல்லாத்தான் சாப்புட்டோம், தட்டைக் கழுவ மட்டும் வழக்கம் போல என் ஒருத்தனை விட்டுட்டு மத்த மூணு பேரும் கெளம்பிப் போயிட்டாங்க.