மகள் சேர்த்த ஒரே நம்பர்

இஸ்திரிக் கடைக்காரருக்குத் தெருவில் ‘ரேடியோ’ என்றுதான் பெயர். கை சட்டையைத் தேய்க்கும், வாய் சட்டைக்காரனைத் தேய்க்கும். பொத்தான் பிய்ந்திருந்தால், அது எந்தச் சண்டையில் பிய்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் மடித்துக் கொடுப்பார்.

அப்பேர்ப்பட்டவரின் மகள், பத்தாவது படிப்பவள், வீட்டில் வாயே திறப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செல்போனில் ஒரு ஆப்பைத் திறப்பாள். இன்று மனசு எப்படி இருக்கிறது என்று அது கேட்கும். விரல் தேயத் தேயப் பதில் தட்டுவாள்.

ரேடியோவுக்கு வயிற்றெரிச்சல். “அதுகிட்ட சொல்றத என்கிட்ட சொல்லக் கூடாதா பாப்பா?”

“பரீட்சை பயத்துல வாந்தி எடுத்தேன்னு போன வருஷம் சொன்னேன்ல? சாயங்காலமே தையல்கார அக்கா எலுமிச்சம்பழத்தோட வந்து நின்னாங்க.”

“அது... ஒரு அக்கறையில சொன்னேன்.”

“பேப்பர் போடுறவர்கிட்ட சொன்னதும் அக்கறையா? ‘இப்ப வாந்தி எப்படிம்மா இருக்கு’ன்னு நடுரோட்டுல கேட்டாருப்பா!”

அவருக்கு முகம் செத்துப்போனது.

சில நாள் கழித்து, ரொம்ப முடியாதபோது கூப்பிட நம்பிக்கையான ஒரு ஆளின் நம்பரைக் கொடு என்றது ஆப். வெகுநேரம் யோசித்து, அப்பா நம்பரைப் போட்டாள்.

“ஒரு வார்த்தை வெளிய போச்சு, நம்பரை எடுத்துருவேன்.”

ஒரு சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். அவர் போன் சிணுங்கியது. ‘ஒரு மாதிரியா இருக்கு. வர முடியுமா?’ மகள் ஆப்பிலிருந்து அனுப்பியிருந்தாள்.

தையல்கார அக்கா எட்டிப் பார்த்தாள். “என்ன ரேடியோ, முகம் வெளுக்குது? வீட்டுல ஏதாச்சுமா?”

விஷயம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மென்று முழுங்கினார்.

“எனக்கு வயித்தால போகுதுக்கா!” என்று கத்திவிட்டு, பாதி தேய்த்த பேண்ட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

மகள் மாடிப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “யார்கிட்ட சொன்னீங்க?”

“எனக்கு வயித்துப்போக்குன்னு இந்நேரம் தெருவே பேசும். உன்னைப் பத்தி ஒரு பய பேச மாட்டான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. அப்புறம் பேச ஆரம்பித்தாள். அவர் குறுக்கே ஒரு ‘ஐயோ’கூடப் போடாமல் கேட்டார்.

மறுநாள் அவர் கல்லுக்குண்டு மாதிரி நின்று தேய்ப்பதைப் பார்த்து, வயிற்றுக் கதையை ஒருவரும் நம்பவில்லை. விஷயத்தைக் கறக்கலாம் என்று நல்ல சட்டையைக் கசக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. சட்டை மட்டும்தான் திரும்பி வருகிறது.